காவலுக்கு ஒரு காவல்

நாட்டின் அமைதியை வன்முறையால் குலைக்க முற்படும் கூட்டங்கள் எக்காலத்திலும் தோன்றியிருக்கின்றன. அவற்றைக் கண்காணித்து, விளையக்கூடிய தீங்கை முன்னரே தடுப்பது அரசாங்கத்தின் கடமை என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. திருடன் வீட்டிற்குள் புகுந்து போன பிறகு விழித்துக் கொள்ளும் காவற்காரனை யாரும் மெச்சுவதில்லை. ஆனால், அந்தக் காவற்காரனைப் பற்றியும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. அவன் எதைப் பார்க்கிறான்? யாருடைய நன்மைக்காகப் பார்க்கிறான்? அவன் கண்டதாகச் சொல்வது மெய்தானா என்று சரி பார்ப்பவர் யார்? இக்கேள்விகளைக் கேளாமல் விட்ட காலங்களில் காவலே தீங்காக மாறியதற்கு வரலாற்றில் சான்றுகள் பல உண்டு. அவற்றுள் சில, நம் சேலம், நாமக்கல் சமவெளியிலேயே கிடைக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு இப்பொருளை ஆராய்வோம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலுக்கென்று தனி அதிகாரம் ஒன்றை வகுத்திருக்கிறார். ஒற்று வேண்டாம் என்று அவர் கூறவில்லை. ஒற்றும் நீதி நூலும் அரசனுக்கு இரு கண்கள் என்பதே அவர் கருத்து. ஆயினும் அந்தக் கண்ணுக்கு அவர் கட்டுப்பாடுகளும் விதிக்கிறார். ஒற்றன் பகைவரை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அரசனிடம் தொழில் செய்வோரையும், அரசனுடைய சுற்றத்தாரையும் அதே கண்ணோடு ஆராய வேண்டும் என்பது ஒன்று. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதித்த பிறகே நம்ப வேண்டும் என்பது மற்றொன்று. வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராத நோக்கும், ஒருவர் சொல்லை மட்டும் நம்பாத எச்சரிக்கையும் இல்லாவிட்டால், ஒற்று கண்ணாக இராது. கண்ணில் விழுந்த துரும்பாகிவிடும். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் மாவட்டத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

முதல் நிகழ்ச்சி 1882-ஆம் ஆண்டினது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் சேலம் நகரில், ஊர்வலம் செல்லும் பாதையையும் பள்ளிவாசலையும் பற்றிய தகராறு முற்றி, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெருங்கலகம் மூண்டது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. கலகம் செய்தவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது முறையே. ஆனால், கலகம் அடங்கிய பிறகு, அதனைத் தூண்டிவிட்ட சூத்திரதாரி ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு உண்டாயிற்று. அவர்கள் கை நீட்டிய இடத்தில் சேலம் விஜயராகவாச்சாரியார் நின்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது. வக்கீல் தொழிலைத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. நகரசபையில் உறுப்பினராக இருந்தார். கலகத்தைத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டின் மீது அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது.

அவர் தளரவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்திற்கு முறையிட்டார். சாட்சியங்கள் அங்கே மீண்டும் சோதிக்கப்பட்டபொழுது, குற்றச்சாட்டு நிற்கவில்லை. அவர் விடுதலை பெற்றார். அத்துடன் அவர் வாளாவிருந்தாரா? இல்லை. தம்மை நகரசபையிலிருந்து நீக்கியது முறையன்று என்று, இலண்டனிலிருந்த இந்தியா மந்திரியின் மீதே வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கிலும் வென்று, நகரசபைப் பதவியைத் திரும்பப் பெற்றதோடு, நூறு ரூபாய் நஷ்ட ஈடும் பெற்றார். நூறு ரூபாய் பெரிய தொகையன்று. ஆனால், ஒரு மாவட்டத்து வக்கீல், பேரரசின் மந்திரியை நீதிமன்றத்தில் நிறுத்தி அத்தொகையை வாங்கினார் என்பது பெரிய செய்தி. 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்றியபோது அதில் அவர் சேர்ந்தார். 1920-இல் நாகபுரி மகாசபைக்குத் தலைமை வகித்தார். 1944-இல் அவர் மறைந்தபோது, கலகக்காரர் என்று ஒரு காலத்தில் முத்திரை குத்தப்பட்டவரை நாடே பெரியார் என்று போற்றியது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிவது யாது? கலகம் மெய், அதனால் விளைந்த சேதமும் மெய். ஆனால், அந்த மெய்யின் நிழலில் ஒரு பொய்யும் ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. சுறுசுறுப்பாகக் கேள்வி கேட்கும் ஓர் இளைஞரைக் கலகத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் இரண்டு தொல்லையும் ஒருங்கே தீரும் என்பது எந்த ஆட்சிக்கும் ஏற்படக்கூடிய சபலம். அவரைக் காத்தது சேலத்து அதிகாரிகளின் இரக்கமன்று. சேலத்திற்கு வெளியே, அந்த அதிகாரிகளுக்குக் கட்டுப்படாத இரண்டாவது கண் ஒன்று இருந்ததே காரணம். வள்ளுவர் சொன்ன மற்றோர் ஒற்று இங்கே உயர்நீதிமன்றமாக அமைந்தது.

காங்கிரஸ் தோன்றிய இரண்டாம் ஆண்டு, அதாவது 1887-இல், இந்திய அரசாங்கம் இரகசியச் செய்திகளைத் திரட்டுவதற்கென்று மத்திய தனிப்பிரிவு ஒன்றை அமைத்தது. 1906-இல் சென்னை ராஜதானியில் குற்றத் துப்பறியும் இலாகா ஏற்பட்டது. கொள்ளைக்காரரைப் பிடிக்க எழுந்த கருவிகள், கூட்டத்தில் பேசுவோரையும் பத்திரிகையில் எழுதுவோரையும் குறித்துக்கொள்ளவும் பயன்பட்டன. எனினும், தேசத் தலைவர்களாவது படித்தவர்கள். நீதிமன்றத்தின் வாயிலை அறிந்தவர்கள். அவ்வாயிலை அறியாத ஏழை மக்கள் மீது காவல் விழுந்தபோது என்ன நேர்ந்தது என்பதே இரண்டாவது நிகழ்ச்சி.

இரயில் வருமுன் நம் நாட்டில் சரக்கு எப்படி நடமாடியது என்று நினைத்துப் பாருங்கள். கடற்கரையில் விளைந்த உப்பு, சேர்வராயன் மலையடிவாரத்திற்கும் கொல்லிமலை அடிவாரத்திற்கும் பொதிமாடுகளின் முதுகிலும் கழுதைகளின் முதுகிலும் ஏறி வந்தது. திரும்பும்போது தானியம் சென்றது. இந்த வாணிகத்தைச் செய்தவர்களுள் குறவர் சமூகத்தார் முக்கியமானவர்கள். உப்புக் குறவர் என்ற பெயரே அவர்கள் தொழிலைச் சொல்லும். ஊர் ஊராகச் செல்வது அவர்களுக்குப் பிழைப்பு; சோம்பலோ சூழ்ச்சியோ அன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பிழைப்பின் மீது அடி மேல் அடி விழுந்தது. உப்பின் மீது அரசாங்கத்தின் ஏகபோகமும் வரியும் இறுகின. 1860-களின் தொடக்கத்தில் இருப்புப்பாதை சேலத்தைத் தொட்டது. பொதிமாடு சுமந்ததை வண்டித் தொடர் சுமக்கத் தொடங்கியது. பின்னர் 1876 முதல் 1878 வரை தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. அக்காலத்துச் சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கிப் பரந்து கிடந்தது. அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 1871-இல் ஏறத்தாழ 19½ இலட்சம். 1881-இல் ஏறத்தாழ 16 இலட்சம். பத்தாண்டில் பெருக வேண்டிய தொகை, பல இலட்சம் குறைந்துவிட்டது. குடியானவனே மடிந்த காலத்தில், கூலியும் நிலமும் இல்லாமல் வாணிகத்தையும் இழந்தவர்கள் என்ன ஆவார்கள்? சிலர் கூலிக்குச் சென்றனர், சிலர் இரந்தனர், சிலர் திருடவும் செய்தனர். வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா இச்சமூகத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்து, வாணிகம் அழிந்ததே அவர்கள் மீது சந்தேகம் விழுந்ததற்கு அடிப்படை என்று விளக்கியிருக்கிறார்.

அரசாங்கம் காரணத்தை ஆராயவில்லை; பிறப்பைப் பார்த்தது. 1871-இல் வட இந்தியாவிற்கென்று இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தி விரிக்கப்பட்டுச் சென்னை ராஜதானிக்கும் வந்து சேர்ந்தது. ஒரு சாதியையோ கூட்டத்தையோ குற்றப் பரம்பரை என்று அரசாங்கக் கெஜட்டில் அறிவித்துவிட்டால் போதும். அதில் பிறந்தவர்களைப் பதிவேட்டில் எழுதிக் கைரேகை வாங்கலாம், அவர்கள் இருக்குமிடத்தை அறிவிக்க வேண்டும் என்று கட்டளையிடலாம், நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தலாம். அந்த அறிவிப்புச் சரிதானா என்று கேட்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் இல்லை. இதுதான் அச்சட்டத்தின் உயிர்நாடி. விஜயராகவாச்சாரியாரைக் காத்த இரண்டாவது கண்ணை, இச்சட்டம் வேண்டுமென்றே கட்டிவிட்டது.

காவல் செய்தவர்களின் நோக்கத்தையும் இங்கே பார்க்க வேண்டும். பதிவு செய்யப்பட்டவர்களைக் குடியேற்றங்களில் அடைத்துத் திருத்தும் பொறுப்பை அரசாங்கம் சில தனியார் நிறுவனங்களிடமும் ஒப்படைத்தது. அவற்றுள் பெயர் பெற்றது இரட்சணிய சேனை. அது நடத்திய ஸ்டுவர்ட்புரம் குடியேற்றம், அன்றைய சென்னை ராஜதானியில், இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது, 1913-இல் தோன்றியது. அங்கே பணி செய்தவர்களுள் மெய்யான தொண்டுள்ளம் படைத்தவர் பலர் இருந்தனர். பள்ளிக்கூடம் வைத்தனர், நோய்க்கு மருந்து தந்தனர். அதை மறுப்பது நன்றி கொன்றதாகும். ஆனால், அந்நிறுவனத்திற்கு அரசாங்க மானியம் கிடைத்தது. மதப் பணிக்கு ஆட்கள் கிடைத்தனர். சீராலாவிலிருந்த புகையிலைத் தொழிலுக்குக் குடியேற்றத்து மக்கள் கூலிகளாகச் சென்றனர். 'இவர்கள் திருந்திவிட்டார்கள், இனிக் காவல் வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய நிறுவனமே, அவர்கள் திருந்தாதிருக்கும் வரையில்தான் நிலைத்திருக்க முடியும் என்ற நிலை உண்டாயிற்று. நோய் தீர்ந்தால் வைத்தியனுக்கு வருமானம் இல்லை என்றால், நோயாளியின் கதி என்ன? தனி மனிதர் நல்லவராக இருந்தும், அமைப்பு அவரைத் தவறான பக்கம் சாய்த்துவிடக்கூடும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

இச்சட்டத்தை எதிர்த்து மக்கள் கிளர்ந்தனர். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கி சுடப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். 1947-இல் சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது; 1952 ஆகஸ்டு 31 அன்று நாடு முழுவதும் அது ஒழிந்தது. ஆனால் பெயர் எளிதில் ஒழிவதில்லை. சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர் என்னும் பெயர்களைத் தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் காணலாம். முற்காலத்தில் ஐயத்திற்கு அடையாளமாக இருந்த பட்டியல், இன்று கல்வி, வேலைச் சலுகைக்கு அடையாளமாக மாறியிருக்கிறது என்பது ஆறுதல். எனினும், சிறை விதிகளில் இச்சமூகத்தாரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் வாசகங்கள் நீண்ட காலம் நீடித்தன. 2024 அக்டோபர் 3-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த பிறகே அவை செல்லாதவையாயின. முத்திரை குத்த ஒரு கெஜட்டுத் தாள் போதும்; அதை அழிக்க ஒரு நூற்றாண்டு வேண்டியிருக்கிறது.

'அது அன்னியர் ஆட்சி. சுதந்திரம் வந்த பின் இக்கவலை ஏன்?' என்று சிலர் கேட்கலாம். கண்காணிக்கப்பட்டவர் ஆட்சிக்கு வந்தால் கண்காணிப்பின் இயல்பு மாறிவிடும் என்று எண்ணுவது இயற்கை. ஆனால் வரலாறு அவ்வளவு எளிதன்று. சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917 முதல் 1919 வரை நகரசபைத் தலைவராக விளங்கி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிய இராஜாஜி, அன்னியர் ஆட்சியில் பல முறை சிறை சென்றவர். 1937-இல் அவர் சென்னையின் பிரதம மந்திரியானார். 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்தபோது, காங்கிரசை அடக்குவதற்கென்று பிரிட்டிஷார் கையாண்ட கிரிமினல் சட்டத் திருத்தத்தையே அவருடைய அரசாங்கமும் கையாண்டது. 1936-இல் நேரு முன்னின்று, இரவீந்திரநாத தாகூரைக் கௌரவத் தலைவராகக் கொண்டு தொடங்கிய இந்திய குடியுரிமைச் சங்கம், காங்கிரஸ் மந்திரிசபைகள் அமைந்த பிறகு வலுவிழந்தது. நம்மவர் வாளை ஏந்தினால் அதன் கூர்மை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வள்ளுவர், அரசனின் சுற்றத்தாரையும் ஒற்ற வேண்டும் என்றது இதனாலன்றோ!

மூன்றாவது நிகழ்ச்சி, மூன்றிலும் கடினமானது. ஏனெனில், இங்கே ஆபத்து வெறும் கற்பனையன்று. 1948-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்டுக் கட்சி மாநாடு, புதிய அரசாங்கத்தைப் புரட்சியால் வீழ்த்தும் கொள்கையை மேற்கொண்டது. தெலிங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பிறந்த சில மாதங்களே ஆன ஆட்சி இதைக் கண்டு அஞ்சியதில் வியப்பில்லை. சென்னை மாகாணத்தில் கட்சி தடை செய்யப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் சிறையிலும் காவலிலும் வைக்கப்பட்டனர். அவர்களுள் விசாரணையே இல்லாமல் அடைபட்டவரும் உண்டு.

சேலம் அஸ்தம்பட்டியிலுள்ள மத்திய சிறைச்சாலையிலும் அத்தகைய கைதிகள் இருந்தனர். அவர்களில் பலர் மலபார் மாவட்டத்து விவசாயிகள். 1950 பிப்ரவரி 11-ஆம் நாள் அச்சிறைக்குள் துப்பாக்கி வெடித்தது. 22 கைதிகள் மாண்டனர். மேலும் பலர் காயமுற்றனர். குடியரசு பிறந்து பதினாறு நாட்களே கழிந்திருந்தன. கைதிகள் காவலரைத் தாக்கினர் என்பது அரசாங்கத்தார் கூற்று. அரசியல் கைதிகளுக்குரிய மதிப்பைக் கேட்டவர்களை அடக்குமுறை பலி கொண்டது என்பது கட்சியினர் கூற்று. எக்கூற்றை ஏற்பினும் ஓர் உண்மை மாறாது: மதிற்சுவருக்குள், அரசின் முழுப் பொறுப்பில் இருந்த மனிதர்கள் இறந்தார்கள். வெளியே தீங்கு செய்யக்கூடும் என்று அடைத்தவர்கள், உள்ளே உயிர் பிழைக்க முடியவில்லை.

இதற்குப் பின் நடந்தவற்றை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பதினெட்டு நாட்கள் கழித்து, மார்ச்சு முதல் தேதியன்று, பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்திற்குள் நுழைவது தடுக்கப்பட்டது. மார்ச்சு 10-ஆம் தேதி, சென்னையில் பதிவு பெற்றிருந்த மக்கள் கல்விச் சங்கம், சட்ட விரோதமான சங்கம் என்று அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் அரசாங்கத்தின் ஆணைகள். இவற்றுக்கு எதிராக மூன்று வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தன. இந்தியாவின் அடிப்படை உரிமைகளுக்கு வரம்பு கட்டிய தொடக்க காலத் தீர்ப்புகளில் மூன்று, இவ்வாறு சென்னை அரசாங்கம் கம்யூனிஸ்டுகளைக் கண்காணித்ததிலிருந்து பிறந்தன.

முதலாவது, தடுப்புக் காவலில் இருந்த ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கு. 1950 மே 19-இல் தீர்ப்பு வந்தது. அவர் விடுதலை பெறவில்லை. ஆயினும், காவலில் வைத்த காரணத்தை நீதிமன்றத்திற்குக்கூடச் சொல்லலாகாது என்று தடுத்த விதியை நீதிபதிகள் செல்லாததாக்கினர். இரண்டாவது, மே 26-இல் முடிவான ரமேஷ் தாப்பர் வழக்கு. பத்திரிகையின் மீதிருந்த தடை வீழ்ந்தது. இதன் விளைவாக 1951-இல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பொது ஒழுங்கின் பொருட்டுப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று அரசாங்கம் தன் கையை வலுப்படுத்திக்கொண்டது. ஆனால், கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அதே திருத்தத்தில் இடம் பெற்றது. அந்த ஒரு சொல், நீதிமன்றத்திற்குக் கதவைத் திறந்து வைத்தது.

மூன்றாவது வழக்கு, மக்கள் கல்விச் சங்கத்தின் செயலாளரான பாரிஸ்டர் வி. ஜி. ராவ் தொடுத்தது. அச்சங்கம் கம்யூனிஸ்டுகளுக்குத் துணை செய்கிறது என்பது அரசாங்கத்தின் கருத்து. அந்தக் கருத்து உண்மையா, பொய்யா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை. அதைவிட அடிப்படையான கேள்வியை எழுப்பியது: ஒரு சங்கத்தை ஆபத்தானது என்று சொல்வதற்கு, ஆட்சியாளர் அவ்வாறு நினைக்கிறார் என்பது மட்டும் போதுமா? அச்சங்கத்தின் வாதத்தைக் கேட்டு, சாட்சியங்களை நீதி முறையில் சோதிக்க ஓர் இடம் வேண்டாமா? வேண்டும் என்று 1952 மார்ச்சு 31-ஆம் நாள் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தீர்ப்புக் கூறினார். அடிப்படை உரிமைகளைப் பொறுத்தவரை தம் நீதிமன்றம் கண்ணுறங்காத காவல் வீரனின் நிலையில் இருக்கிறது என்று அவர் அத்தீர்ப்பில் உவமித்தார். காவலுக்கு ஒரு காவல் என்று நாம் சொல்வது இதையே.

அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. 1951-இல் அக்கட்சி ஆயுதப் பாதையைக் கைவிட்டது. 1952-இல் நடந்த பொதுத் தேர்தலில் சென்னைச் சட்டசபைக்கு 62 உறுப்பினர்களை அனுப்பிப் பெரிய எதிர்க்கட்சியாக அமர்ந்தது. கருத்துக்காக அவர்களை என்றென்றும் குற்றவாளிகள் என்று முத்திரையிட்டிருந்தால், இந்த மாற்றத்திற்கு வழி ஏது? செயலைத் தடுக்கும் காவல், மனிதன் திருந்தி வருவதற்கு ஒரு வாயிலைத் திறந்து வைக்கிறது. பெயரைத் தடுக்கும் காவல் அதையும் அடைத்துவிடுகிறது.

இவ்வளவும் கேட்ட பிறகு, கண்காணிப்பே கூடாது போலும் என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. 1948 ஜனவரி 20-ஆம் நாள் டில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்தருகே குண்டு வெடித்தது. குண்டு வைத்தவன் அங்கேயே பிடிபட்டான். சதியைப் பற்றிப் பம்பாய்ப் பேராசிரியர் ஒருவரும் அரசாங்கத்திற்குச் செய்தி சொன்னார். ஆயினும் பத்து நாட்களுக்குள் அதே கூட்டத்தார் அதே இடத்திற்கு வந்து அண்ணலைக் கொன்றனர். 1966-இல் அமைக்கப்பட்டு 1969-இல் அறிக்கை தந்த நீதிபதி கபூர் விசாரணைக் குழு, கிடைத்த தகவலைக் கொண்டு போலீசார் விரைந்து செயற்படாத குறையைச் சுட்டிக் காட்டியது. பிறப்பைப் பதிவேட்டில் எழுதப் பல்லாயிரம் தாள்கள் செலவிட்ட நாட்டில், கையில் குண்டோடு வந்த சதியைப் பின்தொடரப் பத்து நாள் போதவில்லை. எல்லாரையும் சந்தேகிக்கும் கண்ணுக்கு, சந்தேகிக்க வேண்டியவன் தெரிவதில்லை.

பிற நாடுகளும் இதே பாடத்தைக் கற்றிருக்கின்றன. அமெரிக்காவில் சென்ட்டர் சர்ச் தலைமையில் 1975-இலும் 1976-இலும் ஆராய்ந்த செனட் குழு, அந்நாட்டு மத்தியத் துப்பறியும் இலாகா, மார்ட்டின் லூதர் கிங் போன்ற அகிம்சைத் தலைவர்களையும் வேவு பார்த்து இழிவுபடுத்த முயன்றதை வெளிப்படுத்தியது. அங்கே அரசாங்கம் அல்லாத கண்காணிப்புச் சங்கங்களும் உண்டு. 1971-இல் அலபாமாவில் தோன்றிய தென்மாநில வறியோர் சட்ட மையம், கறுப்பரைக் கொன்று வந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தின் மீது வழக்குத் தொடுத்து, 1987-இல் 70 இலட்சம் டாலர் நஷ்ட ஈட்டுத் தீர்ப்புப் பெற்று, அதில் ஒரு பிரிவை ஒடுக்கியது. அது போற்றத்தக்க பணி. அதே மையம், தீவிரவாதத்தை எதிர்த்தே எழுதி வந்த ஒருவரைத் தீவிரவாதிகள் பட்டியலில் சேர்த்துவிட்டு, 2018-இல் மன்னிப்புக் கேட்டு 30 இலட்சம் டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. நன்கொடையை நம்பி வாழும் சங்கத்திற்கு, பட்டியல் நீளமாக இருப்பதில் ஓர் ஆசை ஏற்படக்கூடும் என்று அதன் விமரிசகர்கள் கூறுவர். ஸ்டுவர்ட்புரத்தில் நாம் கண்ட சிக்கலின் மறுவடிவமே இது. கொள்கை உயர்ந்தது என்பதால் அதைக் காப்பவரின் கணக்கைச் சரி பார்க்க வேண்டாம் என்று ஆகிவிடாது.

நம் நாட்டில் 1967-இல் இயற்றப்பட்ட சட்ட விரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில், ஒரு சங்கத்தைச் சட்ட விரோதமானது என்று அரசாங்கம் அறிவித்தால், உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைக் கொண்ட தீர்ப்பாயம் அதை ஆறு மாதத்திற்குள் ஆராய வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. வி. ஜி. ராவ் வழக்கின் பாடம் அதில் எதிரொலிக்கிறது. 1992 டிசம்பரில், அயோத்தி நிகழ்ச்சிக்குப் பின், அரசாங்கம் ஐந்து அமைப்புகளைத் தடை செய்தது. அவற்றுள் ராஷ்டிரீய ஸ்வயம் சேவக் சங்கத்தின் மீதிருந்த தடை 1993-இல் தீர்ப்பாயத்தில் நிலைக்கவில்லை. ஜமாத்தே இஸ்லாமி இந்த் அமைப்பின் மீதிருந்த தடையை 1994-இல் சுப்ரீம் கோர்ட்டு நீக்கியது. இருவேறு துருவங்களில் நிற்கும் இவ்விரு அமைப்புகளுக்கும் அளவுகோல் ஒன்றே: சான்று எங்கே? நமக்கு வேண்டாதவருக்கும் அதே அளவுகோலைப் பிடிப்பதுதான் நீதி. அளவுகோல் ஆளுக்கு ஆள் நீண்டும் குறுகியும் போனால், அது கோல் அன்று, வெறும் கழி.

இளைஞர்களாகிய நீங்கள் நாள்தோறும் ஏதேனும் ஒரு கூட்டத்தை ஆபத்தானது என்று யாரேனும் ஒருவர் அறிவிப்பதைக் கேட்பீர்கள். கேட்டவுடன் நம்பிவிடவும் வேண்டாம். கேலி செய்து ஒதுக்கவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவர்கள் செய்த செயல் எது? வெறும் பெயரும் பிறப்பும் கருத்துமே குற்றமாகச் சொல்லப்படுகின்றனவா? அவ்வாறு சொல்பவருக்கு அதனால் கிடைக்கும் ஊதியம் யாது? அவர் சொல்லைச் சோதிக்க, அவருக்குக் கட்டுப்படாத மற்றொரு கண் இருக்கிறதா? 1882-இல் ஒரு வக்கீலைக் காத்ததும், 1911-க்குப் பின் ஒரு சமூகத்தைக் கைவிட்டதும், 1950-இல் இருபத்திரண்டு உயிர்கள் போன பிறகு விழித்துக்கொண்டதும் அந்த மற்றொரு கண்ணே. நீதிபதியின் ஆசனத்தில் மட்டும் அது இருப்பதாக எண்ண வேண்டாம். கேள்வி கேட்கப் பழகிய ஒவ்வொரு குடிமகனிடத்திலும் அதன் ஒளி ஓரளவு இருக்கிறது. அதை அணையாமல் காப்பது கல்வியின் பயன்களுள் ஒன்று.